ஒலிக்கு மூன்று

டிஸ்க்கைப் போடுவதற்கு முன்னால் அவர் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, ஃபிரிட்ஜின் வயரையும் பிடுங்கிவிடுவார். பிறகு சோபாவுக்கும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே நூல் பிடித்து அளப்பார். நேற்று அளந்தது இன்று மாறியிருக்கப் போவதில்லை, ஆனாலும் அளப்பார். "பால் கெட்டுப்போனா உங்க தலையிலதான் ஊத்துவேன்" என்று மனைவி சமையலறையிலிருந்து சொல்வதும் வழக்கம்தான்.

பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவருக்கு ஒரு மாதப் பத்திரிகையில் அரைப் பக்கம் உண்டு. வீட்டில் பார்ப்பதற்கென்று வெளியாகும் ராக் கச்சேரிகளுக்குப் படத்துக்கு இத்தனை, ஒலிக்கு இத்தனை என்று பத்துக்கு மதிப்பெண் போடுவார். பாட்டு நன்றாக இருக்கிறதா என்பது அவர் கவலையே இல்லை. "பாடுறவன் எப்படி வேணா பாடட்டும். அவன் நெத்தி வேர்வை தெரியுதா, தந்தியில விரல் உரசுறது கேக்குதா? அதச் சொல்லு மொதல்ல!" அலுவலகத்தில் அவருக்கு ஒலியை அளக்கும் அலகின் பெயரையே வைத்துவிட்டார்கள்: டெசிபல். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சென்ற மாதம் வந்தது, ஒரு புதிய குழு மைதானத்தில் நடத்திய கச்சேரி. படத்துக்கு எட்டு. ஒலிக்கு மூன்று. "சிம்பல் சத்தத்தையே காணோம். டிரம்ஸ்காரர் வெண்கலத் தட்டை அடிக்கிறாரா, ஈ ஓட்டுகிறாரா? ஒலிக்கலவை செய்தவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்" என்று எழுதினார். ஈ ஓட்டும் இடத்தில் தானே ஒருமுறை சிரித்துக்கொண்டார்.

பத்திரிகை வெளியான மறுவாரம் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். ஒலிக்கலவை அவளுடையது, தனியாகச் செய்த முதல் வேலை. "சண்டை போடக் கூப்பிடல சார். எந்தப் பாட்டுல குறையுதுன்னு சொன்னீங்கன்னா அடுத்த பதிப்புல சரிபண்ணிடுவேன்."

"இரும்மா, போட்டுப் பாத்துச் சொல்றேன்."

அன்று மாலை டிரம்ஸ்காரர் திரை முழுக்க வந்தார். குச்சி இறங்கியது, தட்டு நடுங்கி ஆடியது, விளிம்பில் வெளிச்சம் சிதறியது. சத்தம் மட்டும் வரவில்லை. ஒலியைக் கூட்டினார்.

"ஏங்க, அந்தத் தட்டுச் சத்தத்தக் கொஞ்சம் கொறைங்களேன். காதத் துளைக்குது!" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"எந்தத் தட்டு?"

"இதோ, இப்பக்கூட அடிக்கிறானே!"

அவர் திரையைப் பார்த்தார். டிரம்ஸ்காரர் அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் அந்தப் பெண் கூப்பிட்டபோது, "எல்லாப் பாட்டுலயும்தாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சாப்பிடும்போது மனைவி கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாரே தவிர, நிமிர்ந்து முகம் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்துக் காது மருத்துவரிடம் போனார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதல் சில சத்தங்களுக்கு அழுத்தினார்; பிறகு அடுத்ததற்காகக் காத்துக்கொண்டே இருந்தார். "சோதனை முடிஞ்சிருச்சு சார்" என்றார் மருத்துவர். "கீச்சு சத்தமெல்லாம் உங்களுக்குக் கேக்காமப் போயி நாலஞ்சு வருஷமாவது ஆகியிருக்கும்." அந்த நாலைந்து வருஷத்தில் யார் யாரை என்னென்ன எழுதினோம் என்று படியிறங்கும்போது நினைக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நேராக அந்தப் பெண் வேலை பார்க்கும் ஸ்டுடியோவுக்குப் போனார். அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நல்ல வேளை வந்தீங்க சார். கம்பெனியில உங்க விமர்சனத்தக் காட்டித் திருத்தச் சொல்லிட்டாங்க. சிம்பல எல்லாப் பாட்டுலயும் ஏத்திட்டேன். கேளுங்க."

குச்சி இறங்கியது. வெண்கலம் முதன்முறையாக அவருக்குக் கேட்டது, மெல்லிசாக, அழகாக. திரும்பிப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தோளை உயர்த்தி ஒரு காதை அதில் அழுத்தியபடி நின்றிருந்தாள்.

"இப்ப சரியா சார்?"

"நீ மொதல்ல செஞ்சதுதாம்மா சரி. போனது என் காது. ரெண்டாவது தடவ நீ கூப்பிட்டப்பவே எனக்குத் தெரியும்... சொல்ல வாய் வரல. பத்திரிகையிலயும் எழுதிடுறேன்."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் வரிசையாக இருந்த விசைகளில் 'சிம்பல்' என்று எழுதி ஒட்டியிருந்ததைத் தேடிப் பிடித்து, அவர் மெல்லக் கீழே இழுத்தார். வெண்கலம் மங்கி, அவருக்கு இல்லாமல் போயிற்று. திரையையோ ஸ்பீக்கரையோ பார்க்காமல், அவள் முகத்தை மட்டுமே பார்த்தபடி இன்னும் இழுத்தார். அவள் தோள் இறங்கியதும் விரலை எடுத்தார்.