பங்காளி பக்கத்துச் சுவருக்குப் பச்சைக்கல்

இன்னைக்குக் காலையில மச்சான்கூட காளவாசல் செங்கச் சூளைக்குப் போயிருந்தேன். புது வீட்டுக்குக் கல்லு பாக்கணும்னார்.

மாட்டு வண்டியில வழியெல்லாம் ஒரே பிரசங்கம்.

"உள்சுவர் நனையாது மாப்ள, வெயில்ல காயவச்ச பச்சைக்கல் போதும். வெளிச்சுவர் மழை தாங்கணும்ல? சுட்ட கல்லு, சுண்ணாம்புச் சாந்து, மேல சீமைச் சிமிட்டிப் பூச்சு."

இம்புட்டு விவரமான மனுஷனான்னு மலைச்சுப் போனேன்.

சூளைக்கார ராவுத்தர்கிட்ட சொல்லும்போதுதான் தெரிஞ்சது, வெளிச்சுவர்ல மூணு பக்கத்துக்குத்தான் சுட்ட கல்லாம். மேற்குச் சுவருக்கும் பச்சைக்கல்லாம்.

"ஏன் மச்சான், மேற்க மட்டும் மழை பெய்யாதா?"

"அங்கிட்டு பங்காளி வீடு கட்டுறான் மாப்ள. அவன் பாத்து ரசிக்க நான் எதுக்குச் சுட்ட கல்லு வாங்கணும்?"

பங்காளிங்கிறது இவரோட சித்தப்பா மகன். நடுவுல ஒரு சந்துதான். பேச்சுவார்த்தை கிடையாது.

ராவுத்தர் சிரிக்கவே இல்ல. "நேத்து அவுகளும் வந்தாக. மூணு பக்கம் சுட்ட கல்லு, உங்க பக்கம் மட்டும் பச்சைக்கல்லு. காரணமும் இதையேதான் சொன்னாக."

மச்சானுக்கு வந்துச்சே கோபம்!

"பாத்தீகளா மாப்ள, அவனுக்கு எம்புட்டுக் கெட்ட புத்தி!"

கோர்ட்டும் பஞ்சாயத்தும் சேத்துவைக்க முடியாத குடும்பம். ஐப்பசி மழை சேத்து வச்சிரும். ரெண்டு சுவரும் கரைஞ்சா, ஒருத்தர் சாப்பிடுறதை இன்னொருத்தர் உக்காந்த இடத்துலயே பாக்கலாம்.

அதுக்குப் பதிலா ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒரே தடவையாப் பால் காய்ச்சினா என்ன? மச்சான்கிட்ட யாரு சொல்றீங்க?