ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் மகள் ஜாதகம்

இன்று மேனேஜர் எங்கள் எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தார். கணக்குக்குப் பதிலாக ஜாதகக் கட்டம் வந்து நின்றது.

"யாரு வேலைலா இது? கம்ப்யூட்டருக்கு நீதான் பொறுப்பு. சொல்லலன்னா நீ வீட்டுக்குப் போ!" என்று என்னிடம் கத்தினார்.

ஸ்டோர் கிளார்க் மணியம் அண்ணன்தான், மதிய இடைவேளையில் எஸ்டேட் பிள்ளைகளுக்கு அதில் ஜாதகம் கணிப்பார். சொன்னால் அவர் வேலை போய்விடும். திரையில் இருந்ததோ என் மகளின் ஜாதகம்.



"என் மகளோடது சார்," என்றேன்.

அண்ணன் எழுந்துவிட்டார். "போட்டது நான் சார். தங்கச்சிய விடுங்க."

இருவருக்கும் கடைசி எச்சரிக்கை.

மகள் தூங்கியதும், அண்ணன் அச்சடித்துக் கொடுத்திருந்த அந்த ஜாதகத்தை எடுத்துப் பார்த்தேன். 'இவ்வருடம் தாய்க்கு உத்தியோக உயர்வு' என்றிருக்கிறது. எந்த ஆபீஸில் என்றுதான் அண்ணன் போடவில்லை.

உங்கள் பக்கம் வேலை ஏதும் காலி இருக்கிறதா?