மாமரம் வரை நடந்தவள்

எறும்புதான் முதலில் கண்டுபிடித்தது. நாங்கள் யாரும் அல்ல.

எங்கள் நாய் பின்னங்கால்களை இழுத்து நடக்கத் தொடங்கியதும், நல்லம்பள்ளியைத் தாண்டியிருக்கும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: வண்டி அடிச்சிருக்கும். தொப்பூர் கணவாய்க்குப் போகும் லாரிகளின் இரைச்சல் ஓயாத இடம் இது. இங்கே நொண்டுகிற நாய் என்றால் அடிபட்ட நாய்தான். வேறு காரணத்தை யாரும் தேடுவதில்லை. அப்பா இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்தார். அம்மா வேப்பெண்ணெயைச் சூடுபண்ணித் தேய்த்தாள். நான் என் பங்குக்குக் கைப்பேசியில் நாயின் எலும்புக்கூட்டுப் படங்களை இறக்கி, எந்த எலும்பு உடைந்திருக்கும் என்று இரண்டு நாள் ஆராய்ச்சி செய்தேன். எந்த எலும்பும் உடைந்திருக்கவில்லை.

அப்போது நான் வேதியியல் பட்டம் முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பங்கள் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதுகூடச் சரியில்லை. எனக்கு உட்காரத் தெரியாது. அதனால்தான் அன்று காலை நாயின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். வாசல் சிமெண்டுத் தரையில் அவள் சிறுநீர் கழிக்கக் குந்தினாள், கால்கள் தாங்காமல் சரிந்தாள். தூக்கி ஓரமாகப் படுக்கவைத்துவிட்டுக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து பார்த்தால், அதற்குள் ஈரத்தைச் சுற்றிக் கறுப்பு எறும்புகள் விளிம்பு கட்டியிருந்தன. பாயசம் சிந்திய இடத்தில் நிற்பதுபோல நின்றன. நான் வாளியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். ஒரு மாதமாக அவள் குண்டான் குண்டானாகத் தண்ணீர் குடித்ததும், தட்டுத் தட்டாகச் சோறு தின்றும் இளைத்துப்போனதும் ஒரே நொடியில் மனதில் வரிசையாக வந்து நின்றன.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. அவருடைய சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்து, அவள் காது மடலின் ஓரத்தில் ஊசியால் குத்தி, ஒரு பொட்டு ரத்தம் எடுத்து வைத்தேன். எண்ணே வரவில்லை. மிஷின் அளக்கக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது.

கால்நடை டாக்டரம்மா ஒருமுறை பார்த்ததும் சொல்லிவிட்டார். சர்க்கரை ரத்தத்தில் தேங்கிக் கிடக்க, தசை பட்டினியால் கரைந்து போயிருக்கிறது. பின்னங்கால் நரம்புகளும் தளர்ந்திருக்கின்றன. காலையும் மாலையும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் சாப்பாடு, சாப்பிட்டதும் இன்சுலின். பிறகு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"ஒரு மாசம் பார்க்கலாம்மா. சர்க்கரை எறங்குனாத்தான் காலு எழும். எழலைன்னா படுத்த எடத்துலயே புண்ணு வெச்சிடும். அதுக்கப்புறம் அதைக் கஷ்டப்படுத்தக் கூடாது. புரியுதில்ல?"

புரிந்தது. அந்த ஒரு மாதத்தை நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டு ஆரம்பித்தேன்.

கேழ்வரகுக் களி ஒரு உருண்டை, தோல் உரித்த கோழிக்கறி, வெந்த அவரைக்காய். ஏழு மணிக்கு ஊசி. முதல் நாள் ஊசியின் அளவுக் கோட்டை மூன்று முறை சரிபார்த்தேன். தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்துக் குத்தியபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிண்ணத்தை நக்குவதில் மும்முரமாக இருந்தாள். டைல்ஸ் தரை வழுக்கும் என்று பைக் நிறுத்தும் தகரக் கொட்டகையில் சாக்கு விரித்து அவளுக்கு இடம் ஒதுக்கினோம். அப்பாவின் துண்டை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டால், பின்னுடம்பின் பாரம் என் கைக்கு வந்துவிடும். முன்னங்கால்களால் அவள் நடப்பாள், பின்னங்கால்கள் துண்டில் தொங்கியபடி வரும். எட்டு அடி. அதற்குமேல் உட்கார்ந்துவிடுவாள். தோட்டத்துப் பாதையில் போகிறவர்கள், நாய்க்குத் தொட்டில் கட்டி நடத்துறா பாரு என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு வாரத்தில் சர்க்கரை எண்கள் இறங்கின. நான் பறந்தேன். மூன்றாவது வாரம் திடீரென்று ஏறின. மறுநாளும் ஏறின. டாக்டர் இன்சுலின் அளவைக் கூட்டினார். அப்படியும் இறங்கவில்லை. மாதத்தில் மீதி இருந்ததோ ஒரே வாரம்.

யாரோ எதையோ கொடுக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சந்தேகப் பட்டியல் எழுதினேன். அப்பாதான் முதல் ஆள். அம்மாவே விசாரித்தாள்.

"ஏங்க, டீயில நனைச்சு பிஸ்கட்டு குடுத்தீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"எனக்கே ஒன்னுதான் தர்ற. அதுல நானு நாய்க்கு எங்க பங்கு வெக்கிறது?" என்றார் அப்பா.

அடுத்தது பக்கத்துத் தோட்டத்து அக்கா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வரும்போது எங்கள் நாய்க்கு ஒரு பன் வாங்கி வருவது அவர் வழக்கம். நோய் என்று சொன்ன நாளிலிருந்து நிறுத்தியிருந்தார். ஆனாலும் நான் போய்க் கேட்டுவிட்டேன். கேட்ட விதமும் சரியில்லை. நோட்டைக் கையிலேயே எடுத்துப் போயிருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

"எம்பேரு எழுதியிருக்குதா அதுல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மறுநாள் அவள் கழித்த மலத்தை அள்ளும்போது மஞ்சள் நார் கண்ணில் பட்டது. மாம்பழ நார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு நாட்டு மாமரம் நிற்கிறது. செந்தூரா, பெங்களூரா ரக மாம்பழங்களை மண்டிக்கு ஏற்றுவோம். இந்த மரத்தை யாரும் சட்டை செய்வதில்லை. பழம் சிறிசு, நார் அதிகம், ஆனால் தித்திப்பு அப்படியொரு தித்திப்பு. பழுத்தது தானாக விழும், அணில் தின்னும். கொட்டகையிலிருந்து மரம் ஐம்பது அடிக்குக் குறையாது. துண்டு பிடித்தும் எட்டு அடிக்குமேல் வைக்காதவள் அங்கே எப்படிப் போவாள்?

மறுநாள் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெளிச்சம் வரத் தொடங்கியது. மரத்தில் எங்கோ ஒரு பழம் காம்பு விட்டு, இலைகளில் பட்டு, தொப்பென்று விழுந்தது. கொட்டகையில் ஒரு தலை நிமிர்ந்தது.

முன்னங்கால்களை ஊன்றினாள். பின்னுடம்பு எழுந்து, இடப்பக்கம் சாய்ந்து, விழுந்தது. மறுபடி எழுப்பினாள். இந்தத் தடவை கால்களை அகலமாக வைத்துக்கொண்டு, நடுங்க நடுங்க, காற்றில் ஆடும் பந்தல்கால் மாதிரி நின்றாள். பிறகு நடந்தாள். வலது பாதம் மடங்கி மண்ணைக் கீறியது. ஒவ்வொரு முறையும் அதை உதறி நிமிர்த்தி வைத்தாள். இருபதாவது அடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் தொட்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன், எழுந்து ஓடிப் பிடித்துவிடுவேனோ என்ற பயத்தில். யாரும் பிடிக்கவில்லை. அவளே எழுந்தாள். வழியில் கிடந்த, பாதி பழுத்த ஒரு செங்காயை முகர்ந்துவிட்டு, வேண்டாம் என்று தாண்டிப் போனாள். சற்று முன் விழுந்த பழத்தைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்து, தோலைக் கிழித்து, கொட்டை வெளுக்கிற வரை நக்கினாள். ஐம்பத்து மூன்று அடி. எண்ணினேன். என் நோட்டில் ஏறிப்போன ஒவ்வொரு எண்ணும் அவள் நடந்து போய்ச் சம்பாதித்தது.

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா நம்பவில்லை. வந்து, அவள் திரும்பி நடந்து வருவதைப் பார்த்தார். "அடி கள்ளி" என்றார். அவ்வளவுதான். அவர் கண்ணைத் துடைத்ததை அம்மாவும் நானும் பார்க்காததுபோல இருந்தோம்.

அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மரத்தடியைப் பெருக்கி, எட்டுகிற கிளைகளை உலுக்கி, இரண்டு கூடை நிரப்பி, கொட்டகையில் அவளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். மறுநாள் காலையும் விழுந்ததெல்லாம் பொறுக்கியாயிற்று. ஏழு மணிக்குக் களி தின்றாள், ஊசி போட்டேன். மாம்பழம் ஏற்றிய சர்க்கரைக்குத்தான் மருந்து கூட்டியிருக்கிறது, பழம் நின்றால் மருந்தும் குறைய வேண்டும் என்ற சின்ன விஷயம், வேதியியல் படித்த இந்தத் தலைக்கு எட்டவில்லை.

பதினொரு மணி இருக்கும். எங்கள் நாய் நடக்கிறதாமே என்று கேள்விப்பட்டுப் பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்தார். கோபம் இன்னும் இருந்தது. என்னைப் பார்க்காமல் அம்மாவிடம்தான் பேசினார். நாங்கள் கொட்டகைக்குப் போனபோது நாயின் தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தும் எங்களைப் பார்க்கவில்லை. தூக்கி நிறுத்தினேன், நான்கு கால்களும் நூலாகத் துவண்டன. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

டாக்டருக்குப் போன் போட்டேன்.

"எதையாச்சும் மாத்தினியா?"

"மாம்பழத்த எடுத்துட்டேங்க மேடம்."

"ஊசிய?"

"கொறைக்கலைங்க."

டாக்டர் மளமளவென்று சொன்னார்: இனிப்பு எதுவானாலும் சரி, ஈறில் தடவு, வாய்க்குள் ஊற்றாதே, மூச்சுக்குழலுக்குப் போய்விடும், தடவிவிட்டு உடனே தூக்கிக்கொண்டு வா.

அம்மா வெல்லம் எடுக்க உள்ளே ஓடினாள். அதற்குள் அக்கா என் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் பல்லால் தோலைக் கடித்துத் துப்பிவிட்டு, விரலில் சாற்றைப் பிழிந்து, அவள் உதட்டை விலக்கி ஈறில் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு விரல். இன்னொரு விரல். வெளிறிய ஈறில் மஞ்சள் சாறு.

குளுக்கோஸின் வாய்பாட்டை நான் எத்தனை பரீட்சையில் எழுதியிருப்பேன். அது என்ன செய்யும் என்பதை அந்தத் தகரக் கொட்டகையில்தான் கண்ணால் பார்த்தேன். முதலில் நாக்கின் நுனி அசைந்தது. பிறகு நாக்கு வெளியே வந்து, தேடி, அக்காவின் விரலை நக்கியது. ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது. எங்கேயோ போயிருந்த பார்வை மெல்லத் திரும்பி வந்து என் முகத்தில் உட்கார்ந்தது. ஒரு பழத்தில் பாதிகூடத் தீரவில்லை. அந்தக் கொஞ்சம் சாற்றில் ஒரு முழு நாய் திரும்பி வந்திருந்தது.

அக்கா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"இப்ப நானு குடுத்தேன்னு எழுதிக்க உன்னோட நோட்டுல," என்றார்.

எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

டாக்டர் நன்றாகத் திட்டினார். திட்டி முடித்து, மருந்தைக் குறைத்து எழுதிவிட்டு, அவளை மேசையிலிருந்து இறக்கித் தரையில் விடச் சொன்னார். வழுக்கும் தரையில் நான்கு அடி வைத்து, என் காலில் சாய்ந்து நின்றாள். ஒரு மாசம் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

மாம்பழக் காலம் முடியும் வரை நான் அவளுக்கு முன்னால் எழுந்து பொறுக்கினேன். ஆனாலும் அவள் போவதை நிறுத்தவில்லை. தினமும் விடியலில் அந்த ஐம்பத்து மூன்று அடியை நடந்து, மரத்தடியை ஒரு சுற்று சுற்றி, ஒன்றும் இல்லாத மண்ணை முகர்ந்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

ஒரு நாள் அங்கேயே குந்தினாள். கால்கள் நடுங்கின, ஆனால் சரியவில்லை. எழுந்து உதறிக்கொண்டு அவள் பாட்டுக்குத் திரும்பி நடந்தாள். நான் அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தேன். இரண்டே இரண்டு எறும்புகள் வந்தன. விளிம்பில் நின்று தொட்டுப் பார்த்தன. பிறகு தங்கள் வழியைப் பார்த்துப் போய்விட்டன.