வலக்கையை யாரும் கேட்கவில்லை

ஒருத்தியின் பாதி உடம்பை மட்டும் பார்த்துவிட்டு முழு உடம்புக்கும் வைத்தியம் சொல்ல எங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? விளாத்திகுளம் சாலையில் கோவில்பட்டிக்குத் திரும்பிய பேருந்தில் இந்தக் கேள்வியைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நர்சிங் பட்டம் முடித்திருந்த நான், கோவில்பட்டியில் ஒரு சிறிய பயிற்சி மையத்தில் சுகாதாரப் பணியாளர் வகுப்பு எடுத்துவந்தேன். நாடி, மூச்சு, காய்ச்சல், ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பிழையில்லாமல் பார்க்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. முதல்முறை வருபவருக்கு இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்க்க வேண்டும் என்பதை மாணவிகள் தேர்வில் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார்கள். வாரம் ஒருநாள் கிராமத்துக்குப் போய், பஞ்சாயத்துக் கட்டடத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்ததும் அந்த விதி காணாமல் போய்விடும்.

அந்த ஊர்ப் பெண்கள் இடக்கையைத்தான் நீட்டுவார்கள். நாட்டு வைத்தியர்கள் ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் நாடி பார்த்த பழக்கம், பட்டையைக் கட்டிப் பார்க்கும் பிரஷருக்கும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மறுகையைக் கேட்டால் வாக்குவாதம். அதற்குப் பயந்து மாணவிகள் நீட்டிய கையோடு முடித்துக்கொள்வார்கள். நான் கண்டிப்பேன், தலையாட்டுவார்கள், அடுத்த வாரமும் இடக்கைதான். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

ஆடு வளர்க்கும் குடும்பத்து மருமகள் ஒருத்தி, முதல் பிள்ளை உண்டாகி ஐந்தாம் மாதம், மாமியாரோடு வந்துகொண்டிருந்தாள். ஓயாத தலைவலி, கிறுகிறுப்பு. பார்த்தபோதெல்லாம் அழுத்தம் குறைவாகவே இருந்தது. குறைந்த பிரஷருக்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம், உப்பைக் கூடப் போட்டு மோர் குடிப்பது. அவளைப் பார்த்த மாணவியும் அதையே சொல்லியிருந்தாள். மாமியார் அதைச் சிரத்தையோடு நிறைவேற்றியும் வந்தார்.

ஒருநாள் அந்த மாணவி என்னைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், நாடியே சிக்க மாட்டேங்குது. போன தடவையும் தேடிக்கிட்டேதான் கெடந்தேன்."

"போன தடவையே ஏன் சொல்லல?"

"நீங்க ஏசுவீங்கன்னுதான்."

ஏசியிருப்பேன் என்பது உண்மைதான். இடது மணிக்கட்டில் விரல் வைத்தேன். நாடி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகிக்கும்படி மெலிந்து கிடந்தது. அந்தக் கையில் ஏதேனும் தொந்தரவு உண்டா என்று கேட்டேன்.

"பருத்தி எடுக்கையில இந்தக் கை மட்டும் சீக்கிரம் சோந்துருது," என்றாள் மருமகள், மாமியாரைப் பார்த்தபடி.

"சோம்பேறிக் கைன்னு சொல்லு," என்றார் மாமியார்.

"வலது கையக் குடும்மா, பாப்போம்."

மாமியார் குறுக்கே கையை நீட்டினார். "பொம்பளைக்கு எடது கையிலதான பாக்கணும்? படிச்சிட்டு வந்திருக்கீயளா, இல்ல வெளையாடுதீயளா நர்சம்மா?"

"ரெண்டு கையிலயும் பாக்கணும் பெரியம்மா."

"இத்தன நாளும் இந்தப் பிள்ள ஒத்தக் கையிலதான பாத்துச்சு. அப்போ அது பாத்ததெல்லாம் பொய்யா?"

மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். வரிசையில் இருந்த ஒரு பெண், "எக்கா, ரெண்டு கையையும் நர்சம்மாகிட்ட குடுத்துட்டா ஆட்ட யாரு பத்துவா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கிப் பார்த்தேன், வலக்கையில் பட்டையைக் கட்டி இறுக்கினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் அசையாமல் நின்றார்.

"சரி, மொதல்ல ஒங்களுக்குப் பாக்கேன்."

"ஏன், நானும் முழுகாம இருக்கேனா?"

அந்தச் சிரிப்பிலேயே உட்கார்ந்து கையை நீட்டினார். இரண்டு கைகளிலும் அழுத்தம் ஒன்றாகவே இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானே? பொறவு எதுக்கு இம்புட்டுப் பாடு?"

"ஒங்களுக்கு ஒண்ணு. இவளுக்கும் ஒண்ணுதானான்னு பாத்துருவோம்."

வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு மருமகளின் வலக்கையிலும் பார்க்க விட்டார். இடக்கையில் தொண்ணூறைத் தாண்டாத அழுத்தம், வலக்கையில் நூற்று எழுபதில் நின்றது. நம்ப முடியாமல் மறுபடி பார்த்தேன். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை மாணவியின் காதில் மாட்டி, அவளையே பார்க்கச் சொன்னேன். பாதரசம் இறங்க இறங்க அவள் முகமும் இறங்கியது.

"சிஸ்டர்... உப்பு," என்றாள். பட்டையை அவிழ்க்காமல் என்னையே பார்த்தாள்.

"ஏட்டி, எதுக்கு எல்லாரும் வாயடச்சி நிக்கீய?" என்றார் மாமியார்.

பிரஷர் குறைவில்லை, மிகவும் கூடுதல்; கவனிக்காமல் விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து; இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னேன்.

"உப்பு மோரு நீங்கதான குடுக்கச் சொன்னீய?"

"நாங்கதான் சொன்னோம் பெரியம்மா."

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. "எந்திரிட்டி, பஸ் போயிரும்," என்று மருமகளைக் கைப்பிடித்து எழுப்பினார். அவர் பிடித்தது அந்த வலக்கையைத்தான்.

இடக்கைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, அந்தக் கை காட்டும் அழுத்தத்தை நம்பக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து கொடுத்து, பிரசவம் வரை கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். பெண் குழந்தை மாதம் நிறையுமுன்னே பிறந்தது, எடை குறைவு. இருவரும் நல்லபடியாக ஊர் திரும்பினார்கள்.

அவளுக்கு இரண்டு கைகளிலும் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, பேருந்தில் யார்மேல் எரிச்சல்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. மாமியார் தனக்குத் தெரிந்த முறையைக் காத்தார். மாணவி சண்டைக்கு அஞ்சினாள். நானோ அந்த விதியை வகுப்பறையில் கற்பித்தேன். அங்கே மாணவிகள் ஒருவருக்கொருவர் கேட்ட கையை நீட்டுவார்கள், தரமாட்டேன் என்று குறுக்கே நிற்பவர் எவருமில்லை. விதியைச் சொன்னால் போதும், அது தானாக ஊருக்குள் நடந்துபோகும் என்று எப்படி நம்பினேன்?

அடுத்த தேர்விலிருந்து செய்முறைத் தேர்வை வகுப்பறையில் நடத்துவதை நிறுத்தினேன். கிராமத்துப் பெஞ்சில், முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம் பேசி, அவளுடைய சம்மதத்தோடு இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்த்தவர்களுக்கே தேர்ச்சி கொடுத்தேன்.