சேலை முடிச்சில் ஒரு தோட்டா

துப்பாக்கியைச் சுற்றியிருந்த சுங்குடிச் சேலையைப் பிரித்துக்கொண்டே வந்த போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர், முந்தானை முனையில் கிடந்த முடிச்சில் கை தட்டுப்பட்டதும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அவரே அதை அவிழ்த்தார். சிவப்பு அட்டை உடம்பும் பித்தளை அடியுமாக ஒரு தோட்டா மேசைமேல் உருண்டு, ரப்பர் ஸ்டாம்பில் முட்டி நின்றது. அவர் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். பித்தளையின் நடுவில் அம்மைத் தழும்பு மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. “இது ஊசி குத்துன தடம்லா சார். விசையை இழுத்திருக்கு, வெடிக்கலை. யாரு சுட்டது?” என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும். யாராவது இப்படிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அத்தான் எனக்குச் சொல்லித்தான் வைத்திருந்தார். அதைச் சொல்லுகிற நாள் அவர் செத்துக் காரியமும் முடிந்த பிறகு, இப்படி ஸ்டேஷனில் வரும் என்று நான் நினைக்கவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் அவர்களுடைய தோட்டம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் வேட்டைத் தோட்டம் என்றுதான் கைகாட்டுவார்கள். வெள்ளைக்காரத் துரைகளும் ஜமீன் ஆட்களும் வந்து மானும் மிளாவும் சுடுவதற்கென்றே வளைத்துப்போட்ட இடம் அது. நடுவில் ஒரு பங்களா, விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் ஒரு குட்டை, அதைப் பார்த்தபடி துப்பாக்கியோடு உட்கார ஒரு கல் மேடை. அத்தானின் பாட்டனார் வக்கீல். ஜமீனுக்கு ஒரு வழக்கை ஜெயித்துக் கொடுத்ததற்கு பீஸாக இது வந்து சேர்ந்தது. முட்டையைக்கூட வாசல்படி தாண்ட விடாத சைவக் குடும்பத்துக்கு வேட்டைத் தோட்டம்! வேண்டாம் என்று அன்றைக்கே கைகழுவியிருந்தால் எங்கள் எல்லோருக்கும் நிம்மதியாகப் போயிருக்கும். அவர்களோ தோட்டத்தையும் வைத்துக்கொண்டார்கள், துப்பாக்கி லைசென்ஸையும் தலைமுறை தலைமுறையாகப் புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள். கௌரவமாம்.

வங்கி வேலையை விட்டுவிட்டு அத்தான் அங்கே குடிபோனபோது, பங்களாக் கூடத்தில் நாலு மான் தலைகள் சுவரில் மாட்டியிருந்தன. உள்ளே வந்த அக்கா அவற்றைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப்போய் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். “கண்ணை முழிச்சுப் பாக்குது. இதுக முன்னால நான் எப்படிச் சோறு வடிப்பேன்?” என்றாள். கழற்றித் தூக்கிப் போடவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. வனத்துறையில் பதிவான சாமான்கள். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டூல் போட்டு ஏறி அந்த நாலு நெற்றிக்கும் விபூதி பூசுவாள். “செத்ததுகளுக்கு வேற என்ன செய்ய?” என்பாள். அன்றைக்கு வாசலில் இருந்து எழுந்திருக்க அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். “இனிமே இந்த மண்ணுல உங்க கையால ஒரு உசுரு போகக்கூடாது. சம்மதம்னா உள்ள வாரேன்.” அத்தான் சம்மதித்தார். அதை அவர் ஏதோ பெண்டாட்டியைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தையாக நினைக்கவில்லை. தோட்டத்துப் பத்திரத்தில் எழுதிய நிபந்தனையாகவே நினைத்தார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது, டவுனில் நான் வைத்திருந்த அச்சகம் படுத்த பிறகு. “இங்கன வந்து இரு மாப்ளே, எனக்கும் ஆளு வேணும்” என்றார் அத்தான். ஒரு வருஷம் என்று நினைத்துப் போனவன் தலை நரைக்கிற வரை அங்கேயே கிடந்தேன். எனக்கு அந்தத் தோட்டம் ஒருநாளும் பிடித்ததில்லை. வெயில் காய்ந்தால் கிணறு வற்றும். மழை பெய்தால் ஓடை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். இரண்டும் இல்லாத வருஷம் காற்று வந்து வாழையைச் சாய்க்கும். சாரல் நாளில் அருவிக்கு வருகிறவர்களுக்குப் பங்களா அறைகளை வாடகைக்கு விட்டுப் பார்த்தோம். வருகிறவர்கள் எல்லாம் கல் மேடையில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ராத்திரிக்குக் கோழிக்கறி உண்டா என்று கேட்டார்கள். அக்கா கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். மறுவருஷம் அவர்கள் வரவில்லை. இவை எல்லாவற்றையும்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பன்றிதான் எங்களைத் தின்றது. காட்டிலிருந்து கூட்டமாக இறங்கி, வாழைக்கிழங்கை அடியோடு தோண்டித் தின்றுவிட்டுப் போய்விடும். காலையில் போய்ப் பார்த்தால் உழுது போட்டது போலக் கிடக்கும். காட்டை ஒட்டின நிலம் என்பதால் அங்கே எதையும் சுடக்கூடாது. அத்தானுக்கு அது கவலை இல்லை. சர்க்கார் சட்டத்துக்கு மேலே அவருக்கு அக்காவின் சட்டம் இருந்தது. துப்பாக்கியை வானத்தைப் பார்த்து ஒரு தடவை வெடிப்பார். பன்றிகள் ஓடும். நாலு நாள் கழித்து மறுபடி வரும். “சுடுததுக்குன்னே உண்டான எஸ்டேட்டு மாப்ளே, இங்கன ஒரு எலியைச் சுட வழியில்லை” என்று அவரே சிரிப்பார்.

அந்த வானவேட்டுக்கும் எலெக்‌ஷன் வந்தால் ஆபத்து. தேர்தல் அறிவித்தவுடன் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். கத்தரிப்பூ நிறத்தில் அக்காவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று உண்டு. துப்பாக்கியை அதில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டுதான் அத்தான் பஸ் ஏறுவார். ஸ்டேஷனில் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, “அண்ணாச்சி, சேலையைக் கொண்டுபோங்க, அதுக்கு லைசென்ஸ் கிடையாது” என்று ஒவ்வொரு முறையும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சேலை அக்குளில் மடிந்து வீடு திரும்பும். அக்கா அதைத் துவைத்து வைப்பாள். துப்பாக்கி போன மறுவாரமே பன்றி இறங்கும். கீழத்தோட்டத்து அண்ணாச்சி எங்கள் வேலியில் சாய்ந்துகொண்டு, “ஏன்வே, பன்னிக்கு எலெக்‌ஷன் தேதியை எவன்வே சொல்லுதான்?” என்று கேட்பார். அவர் பன்றி கடித்தால் வாயிலேயே வெடிக்கும்படி வெடியை மாவில் பொதிந்து வைக்கிறவர். எங்களுக்கும் இரண்டு உருண்டை தருவதாகச் சொன்னார். அத்தான் கும்பிடு போட்டார்.

அக்கா ஓர் ஐப்பசியில் போனாள். வயிற்றில் கட்டி என்றார்கள், மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. அந்த மார்கழியிலேயே ஓடை உடைத்து, பங்களாவுக்குள் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. வேலி நெடுக மனித வாடைக்காகக் கட்டியிருந்த பழைய துணி எல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டது. தோட்டாக்கள் இருந்த பெட்டியும் முங்கியிருந்தது. வெயில் வந்ததும் அத்தான் அவற்றைத் துடைத்து, அக்கா வத்தல் காயப்போடுகிற முறத்தில் வரிசையாக அடுக்கி முற்றத்தில் வைத்தார். அது காய்ந்தால் சரியாகிவிடும் என்று அவர் மெய்யாகவே நம்பினார். காக்கை வந்துவிடக்கூடாது என்று பக்கத்திலேயே குடையோடு உட்கார்ந்துவேறு இருந்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் கடன் எதுவும் இல்லாமல் கையில் இருந்ததைப் போட்டு வாழை வைத்தோம். வேலிக்குத் துணி வேண்டும். உடுத்தின வாடை இருக்கிற துணிக்குத்தான் பன்றி ஒதுங்கும். அத்தான் பீரோவைத் திறந்து அக்காவின் சேலைகளை எடுத்தார். யாருக்காவது கொடுக்க வேண்டிய சேலைகள். ஒவ்வொன்றாக வேலியில் கட்டினார். துப்பாக்கி சுற்றுகிற சேலை ஒன்றுதான் மிச்சம். நான் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன். பொங்கலுக்கு அவள் கட்டினது, நான் அச்சகம் திறந்த அன்றைக்குக் கட்டினது எல்லாம் முள்கம்பியில் ஆடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நாள் பன்றி வரவில்லை. அப்புறம் கோடை மழை இரண்டு பெய்தது. வாடை போய்விட்டது. பன்றிகள் சேலைக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தன. அதே சமயம் எலெக்‌ஷனும் வந்தது. துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது. அது திரும்பி வருவதற்குள் பாதி வாழை மண்ணாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கிற அவர்கள் பையன் போனில், “விட்டுத் தொலைங்கப்பா, வித்துட்டு இங்க வாங்க” என்றான். அத்தான் போனை வைத்துவிட்டு, மிச்சம் நிற்கிற வாழையை எண்ணப் போனார். மிச்சப் பாதி கரையேறினால் தோட்டம் நிற்கும், இல்லையென்றால் விற்கத்தான் வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அக்கா இருந்து நடமாடின வீடு அது ஒன்றுதான்.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. நாங்கள் இருவரும் கல் மேடையில் உட்கார்ந்திருந்தோம். அந்த மேடையில் துப்பாக்கியோடு உட்கார்ந்த முதல் சைவர் அத்தானாகத்தான் இருக்க வேண்டும். வேலியில் மாம்பழ நிறச் சேலை ஒன்று விலகியது, ஒரு பெரிய பெண் பன்றி உள்ளே வந்தது. அதன் பின்னால் குட்டிகள். அது நேரே குலை தள்ளும் பருவத்தை நெருங்கியிருந்த வாழையடிக்குப் போய் மூக்கால் மண்ணைக் கிளற ஆரம்பித்தது. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு அவசரமில்லாமல், எங்களை மனிதராகவே மதிக்காமல். அத்தான் எழுந்தார். குழலை வானத்துக்குத் தூக்குவார் என்று பார்த்தேன். தூக்கவில்லை. மெல்ல இறக்கி அதன் காதுப்பக்கத்துக்கு நேரே பிடித்தார். என் மனசில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்: வெடிக்கட்டும் என்றுதான் இருந்தது. அவர் விசையை இழுத்தார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பன்றி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. பிறகு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, வந்த வழியே பைய நடந்து போனது.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. “நல்லவேளை அத்தான், நனைஞ்ச தோட்டா. அக்காதான் காப்பாத்தியிருக்கா” என்றேன். அவர் துப்பாக்கியை மடக்கித் திறந்து தோட்டாவை வெளியே எடுத்து, அதன் அடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “என்ன மாப்ளே பேசுத? நான் சுட்டேன்டே. வெடிக்கலைங்கறது வேற. அது தோட்டா செஞ்சது, நான் செய்யலை” என்றார். பிறகு, “யாராவது கேட்டா, அத்தான் சுட்டாவன்னே சொல்லு. நல்லவன்னு எவனும் என்னைச் சொல்லிறக்கூடாது” என்றார். தோட்டாவைச் சேலை முனையில் முடிந்தார், சேலையைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்த வெள்ளிக்கிழமை விபூதித் தட்டை என் கையில் கொடுத்தார். அக்காவுக்குப் பிறகு அந்த வேலையை அவர்தான் செய்துவந்தார். “இனிமே நீ பூசு. என் கை வேண்டாம்” என்றார். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், கோபப்பட்டும் பார்த்தேன். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர அதன்மேல் ஏறவில்லை. ஆடிக் காற்றில் மிச்ச வாழையும் சாய்ந்தது. ஆனாலும் அவர் விற்கவில்லை. பையன் அனுப்பினதைச் சாப்பிட்டுக்கொண்டு நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு, பன்றிகள் வந்து போவதை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வந்த எலெக்‌ஷன்களுக்குத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றித்தான் கொண்டுபோனார். ஸ்டேஷனில் கேட்டார்களாம், சேலை எங்கே அண்ணாச்சி என்று. கிழிஞ்சுபோச்சு என்றாராம்.

போன மாசி மாதம் அத்தான் போய்விட்டார். தூக்கத்திலேயே, ஒரு தொந்தரவும் இல்லாமல். பையன் வந்து எல்லாம் பேசி முடித்துவிட்டான். தோட்டத்தை யாரோ ரிசார்ட் கட்ட வாங்குகிறார்கள். கல் மேடையை அப்படியே வைத்துக்கொள்வார்களாம். துப்பாக்கியை ஒப்படைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. சாக்கு மூலையில் கிடந்தது. நான் பீரோவைத் திறந்து சேலையைத்தான் எடுத்தேன். ஏன் என்று கேட்டால், அக்கா இருந்தால் அதைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பாள். அவருக்குக் கிடைக்காத மன்னிப்பை நான் யார் கொடுக்க, ஆனாலும் எடுத்தேன். முடிச்சை நான் தொடவில்லை.

ரைட்டர் இன்னும் தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். “எங்க அத்தான் சுட்டாவ சார். பன்னியைப் பாத்துதான் சுட்டாவ. வெடிக்கலை” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்தார். “பெரியவரா? எத்தனை எலெக்‌ஷனுக்கு அவரை இங்கன பாத்திருக்கேன். எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு சார். நீங்க ஏன் செத்த மனுசனைப் போயி இப்படிச் சொல்லுதிய?” என்றார். நான் குரலை உயர்த்தி மறுபடியும் சொன்னேன். “சரி சரி, விடுங்க” என்றுவிட்டு, பழுதான தோட்டா ஒன்று என எழுதிக்கொண்டார். துப்பாக்கி உள்ளே போயிற்று. “துணியைக் கொண்டுபோங்க சார், அது எங்களுக்கு எதுக்கு?”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சேலையை மடியில் வைத்து மடித்தேன். அக்காவிடம் அத்தான் அன்றைக்கே போய்ச் சொல்ல முடிந்திருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாள் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். அப்புறம், “சரி, கையைக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது” என்றிருப்பாள். அதைக் கேட்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது வாய்விட்டே சொன்னேன், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். “நான் சொல்லிட்டேன் அத்தான். அந்த ரைட்டர்தான் நம்பலை.”