டாக்டரம்மாவின் காது

நோயாளி கதவைத் திறந்ததும் டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். வாய் திறக்க மாட்டார். நோயாளிக்கான நாற்காலியை அறையின் கோடியில், ஜன்னலோரம் போட்டிருந்தார். வந்தவர் அங்கே போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். "கதவுலேருந்து நாற்காலி வரைக்கும் நடக்கற நடையிலயே பாதிய சொல்லிடறீங்க. மீதியத்தான் உக்காந்து வாயால மறைக்கிறீங்க" என்பார்.

சாவி செய்யும் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய கிளினிக். ஆள் குள்ளம், மேஜையோ ஒரு கட்டில் அளவு. உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி உதறிவிடுவார். எழுந்திருக்கும்போது ஒன்று கிடைக்காது. நோயாளிகள் குனிந்து தேடி எடுத்துக் கொடுப்பார்கள். யாருக்குக் குனிய முடிகிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று அதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். வேண்டுமென்றே உதறுகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவர் எழுதிய மருந்துச் சீட்டு யாருக்கும் புரியும். அதனாலேயே புதிதாக வருபவர்களுக்கு, இவர் உண்மையிலேயே டாக்டர்தானா என்று தோன்றும். சீட்டில் மாத்திரைகள் குறைவாகவும் புத்திமதி அதிகமாகவும் இருக்கும். வயிற்றுவலி என்று போன என் அத்தைக்கு, "தண்ணி நெறைய குடிங்க. மருமககூட போடற சண்டைய ஒரு வாரம் தள்ளி வைங்க" என்று எழுதியே கொடுத்துவிட்டார். அத்தை அந்தச் சீட்டை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

"ஒண்ணுமில்ல" என்று மட்டும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. "எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுமில்ல" என்பார். அந்த 'எனக்குத் தெரிஞ்சு' சிலருக்குப் போதாது. அவர்கள் தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் ஊசி டாக்டர் இருந்தார். தும்மினாலும் ஊசி போடுவார் என்பதால் அந்தப் பெயர். ஒரு காலத்தில் டாக்டரம்மாவிடம் உதவி டாக்டராக இருந்தவர்தான். "ஊசி போட்டாதான் மேடம் டாக்டர்னு நம்பறாங்க, நான் என்ன பண்றது?" என்று அவர் கேட்க, "அப்ப நோய்க்கு ஊசி போடல, உன் பேருக்குப் போடறே" என்று டாக்டரம்மா சொல்ல, அன்றோடு பேச்சு நின்றது. எதிரெதிரே இருந்துகொண்டு பல வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு இடத்துக்கும் போகிறவர்கள் டாக்டரம்மா கண்ணில் படாமல் தெருமுனை வரை நடந்து, சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார்கள்.

எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது, டாக்டரம்மா எல்லோரையும், "நிமிந்து என்னைப் பாத்துப் பேசுங்க. தரைக்கா உடம்பு சரியில்ல?" என்று கேட்கத் தொடங்கினார். மரியாதை கற்றுக்கொடுக்கிறார் என்றுதான் நினைத்தோம். உதட்டசைவைப் படித்துக்கொண்டிருந்தார் என்பது யாருக்குத் தெரியும்?

என் அப்பா பேருந்து ஓட்டுநர். எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஒவ்வொரு மாடியிலும் நின்று, கைப்பிடிக் கம்பியைத் தட்டிப் பார்த்து, "துரு பிடிச்சிருக்கு" என்பார். கம்பியில் துரு இல்லை, மனுஷருக்குத்தான் மூச்சு வாங்குகிறது என்று அம்மாவுக்குப் புரிய சில நாள் ஆனது. புரிந்த அன்றே அவரை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

அப்பா கதவைத் திறந்து நடந்தார். பாதி வழியில் நின்று, சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையை வாசிப்பதுபோலப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தார்.

"என்ன டிரைவர், புதுசா படிக்கறீங்க?" என்றார் டாக்டரம்மா.

ஸ்டெதஸ்கோப்பை அப்பாவின் நெஞ்சில் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். முன்னால் சாயச் சொன்னார், மூச்சைப் பிடிக்கச் சொன்னார். காதிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணுமில்லதானே?" என்றார் அப்பா, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"பொத்தானப் போடாதீங்க. உங்க நடையில ஏதோ இருக்கு. நெஞ்சுல எனக்கு ஒண்ணும் கேக்கல. ஒண்ணும் இல்லாததால கேக்கலயா, என் காதுக்குக் கேக்கலயான்னு எனக்குத் தெரியல."

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. டாக்டரம்மா எழுந்தார். ஒற்றைச் செருப்போடு வெளியே போய், தெருவைக் கடந்து, ஊசி டாக்டரின் கிளினிக்குக்குள் நுழைந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே பெஞ்சு நிறைய ஆட்கள். பாதிப் பேர் டாக்டரம்மாவிடமும் வருகிறவர்கள். முகத்தை மறைக்க இடம் தேடினார்கள்.

"என் காது போயிடுச்சுப்பா. ஒரு நெஞ்ச கேட்டுச் சொல்லணும். வரியா?"

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். ஊசி டாக்டர் ஒரு நோயாளியின் வாயில் தெர்மாமீட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். மேஜைமேல் கிடந்த ஸ்டெதஸ்கோப்பை அப்பாவின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். உடனே நிமிர்ந்தார்.

"வால்வு சரியா திறக்கல மேடம். இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"சத்தம் லேசா இருக்கா?"

அவர் தயங்கினார். "இல்ல மேடம். நல்லாவே கேக்குது."

டாக்டரம்மா தலையாட்டினார். "சரி. நீயே எழுதிக் குடு" என்று தன் நாற்காலியை அவரிடம் தள்ளினார்.

அப்பாவுக்கு வால்வை மாற்றினார்கள். இன்னும் கொஞ்ச நாள் அப்படியே ஓட்டியிருந்தால், பேருந்து நிறைய ஆட்களோடு ஸ்டியரிங்கில் சாய்ந்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது பணிமனையில் உட்கார்ந்து மற்ற ஓட்டுநர்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த வாரமே டாக்டரம்மா கிளினிக்கை மூடினார். ஊசி டாக்டர் சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்டெதஸ்கோப் ஒன்றை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். டாக்டரம்மா மாட்டிப் பார்த்துவிட்டு, "எது நெஞ்சு, எது என் காது இரைச்சல்னு பிரிக்க முடியலப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நாங்கள் விடவில்லை. காது போனால் என்ன, கண் இருக்கிறதே என்று வீட்டுக்கே போய் நின்றோம். "பாதி டாக்டர்கிட்ட முழு உடம்பக் குடுக்காதீங்க" என்று எல்லோரையும் எதிர்ச்சாரிக்கு அனுப்பினார். அனுப்பியதோடு விட்டாரா? ஒவ்வொருவரைப் பற்றியும் ஊசி டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்துவார்: "அந்தம்மா வலிய குறைச்சுச் சொல்லும், ரெண்டு தடவ கேளு. அவ புருஷன் கூட்டிச் சொல்லுவான், பாதிய நம்பு." பதில் அவருக்குக் கேட்காது. சொல்லி முடித்ததும் வைத்துவிடுவார். போகப்போக ஊசி டாக்டரின் ஊசிகள் குறைந்தன; பெயர் மட்டும் மாறவில்லை.

போன வருடம் டாக்டரம்மா இறந்துபோனார். வாசலில் நின்று வந்தவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தவர் ஊசி டாக்டர்தான். யார் வந்தாலும் அவர்களுடைய வியாதியைச் சொல்லித்தான் அடையாளம் கண்டுகொண்டார்.

அதற்குச் சில வாரம் முன்பு, என் குழந்தையைக் காட்டுவதற்காக டாக்டரம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் கை நீட்டிக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அப்பா மாத்திரை சாப்பிட அடம்பிடிப்பது, அம்மாவின் கால்வலி என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். குழந்தை ஒருமுறை லேசாக இருமியது. அவருக்குக் கேட்டிருக்க முடியாது, தோளில்தான் அதிர்ந்திருக்கும். உள்ளங்கையை விரித்து அதன் முதுகில் அழுந்த வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மற்றக் கையைத் தூக்கி, பேச்சை நிறுத்தும்படி எனக்குச் சைகை காட்டினார்.