கேட்டைத் தாண்டாத கொய்த்தியாவ்

1. பறந்து வந்த கோப்பை

அஞ்சலை எறிந்த கஞ்சிக் கோப்பை என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. தோட்டத்து ஆஸ்பத்திரிச் சமையல்காரனாக நான் வாங்கிய பட்டங்களில் அதுதான் பெரியது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவனுக்கு வேறு யார் பட்டம் தரப்போகிறார்கள்? இதைக்கூட நான் சொல்ல, என் மகள்தான் எழுதுகிறாள்.

"குப்பண்ணே, இது கஞ்சியா, பால் வாளி கழுவுன தண்ணியா?"

அஞ்சலை பால்மரம் வெட்டுகிறவள், கத்தியால் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். வாயும் அந்தக் கத்தி மாதிரிதான். அப்போது அவளுக்கு மஞ்சள் காமாலை. எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர், கம்பவுண்டர் எல்லாமே டிரசர் ஒருவர்தான். எண்ணெய், கொழுப்பு ஆகவே ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார். அவளுக்கோ கஞ்சியைப் பார்த்தாலே குமட்டல். சாப்பிடாமல் தேய்ந்துகொண்டே போனாள்.

"இப்படியே போனா ஒடம்பு தாங்காது குப்பு. எதையாச்சும் செஞ்சு உள்ள தள்ளு," என்றார் டிரசர்.

"என்னதாம்மா வேணும் ஒனக்கு?" என்று கேட்டேன்.

"அப்பேக் கொய்த்தியாவ்."

அப்பேக் என்று நாங்கள் கூப்பிட்ட சீனக் கிழவர், சம்பள நாளில் சைக்கிளில் அடுப்பைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வருவார். பட்டை பட்டையான அரிசி மாவுக் கொய்த்தியாவைப் பன்றிக் கொழுப்பில் பிரட்டி, கெராங் சிப்பி போட்டு, கமுகம்பாளையில் மடித்து, நாரால் கட்டிக் கொடுப்பார். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் டாருராட், அதாவது அவசரகாலம், போட்டதும் அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பகாவ் பக்கம் ஒரு முள்வேலிக்குள் இறக்கிவிட்டார்கள். காட்டோரத்தில் குடியிருந்தார், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

2. கொழுப்பைக் கழித்தேன்

சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். பங்கீட்டு அரிசியை ஊறவைத்து அரைத்துத் தட்டில் ஊற்றி அவித்தேன். முதல் தடவை பசையாகிவிட்டது. துரைமார் ஒட்டுகிற நோட்டீஸுக்கு ஆகியிருக்கும். அடுத்தது செருப்புத் தோல். இரண்டையும் நானே தின்றேன், வேறு யார் தின்பார்கள்? மூன்றாவதில்தான் மாவு பதமாகி, கத்திக்குப் பட்டை பட்டையாக வந்தது.

பச்சைப்பயற்றை ஈரச் சாக்கில் முளைகட்டினேன். கொழுப்புக்குப் பதிலாக, பாதி வெங்காயத்தால் குவாலி என்கிற இரும்புச் சட்டியைத் தேய்த்தேன். புகை வரும் வரைக்கும் குவாலியைக் காயவிட்டு, முட்டையில் வெள்ளையை மட்டும் ஊற்றி, கிச்சாப், அதான் சோயா சாறு, சில சொட்டு விட்டுப் பிரட்டினேன். அந்தப் புகை வாசம் ஏறியதும் எனக்கே அப்பேக் சைக்கிள் மணி கேட்டது மாதிரி இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் மேல்மாடி காலியாச்சே. அசல் அப்பேக் பொட்டலம் மாதிரியே இருக்கட்டும் என்று பாளையில் மடித்து நாரால் கட்டினேன்.

3. கேட்

எங்கள் லயங்களைச் சுற்றி முள்வேலி. ஆஸ்பத்திரி மேட்டில், வேலிக்கு வெளியே. அங்கே அரிசி இருந்தால் காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடுமாம். அதனால் ஆஸ்பத்திரி அடுப்பை மட்டும் வேலிக்கு உள்ளே இழுத்துவிட்டார்கள். நோயாளி வெளியே, அடுப்பு உள்ளே, நடுவில் வாளியோடு நான்.

கேட்டில் துப்பாக்கியோடு மணியம். பெடாஸ் ஊர்க்காரன், ஸ்பெஷல் கான்ஸ்டபிள்.

"என்னாண்ணே இது?"

"அஞ்சலைக்குக் கொய்த்தியாவ் தம்பி."

"பாளையில வேற கட்டியிருக்கீங்க! காட்டுக்குப் போற பொட்டலம் இப்படித்தான் இருக்குமாம். சார்ஜன் சொல்லியிருக்காரு."

"டேய், தெனம் கொண்டு போற கஞ்சியும் இதே அரிசிதான்டா!"

"கஞ்சி தண்ணிலா. தண்ணி போகலாம். கெட்டி போகக்கூடாது. ஆர்டர்."

சொல்லிவிட்டுத் துப்பாக்கி முனைக் கத்தியால் பொட்டலத்தைக் குத்திப் பார்த்தான். உள்ளே குண்டா இருக்கப்போகிறது? முளைப்பயறு எட்டிப் பார்த்தது.

எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது. அதே அரிசி, அதே அடுப்பு. தண்ணீராக இருந்தால் மருந்து, கெட்டியாக இருந்தால் கம்யூனிஸ்டுச் சோறா? காமாலைக்காரி என்ன சாப்பிடுவது என்று துப்பாக்கியா முடிவு பண்ணும்? துரை பங்களாவுக்குக் கூடை கூடையாகக் கெட்டிச் சாப்பாடு போனதே, அதை எந்தக் கத்தி குத்தியது?

பொட்டலத்தை அவன் மேசையிலேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு மேட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அஞ்சலை எழுந்து உட்கார்ந்தாள்.

"சாப்பாடு வெளிய வரக்கூடாது. ஆளு உள்ள போலாம்ல?"

டிரசர் வாயைத் திறப்பதற்குள் அவள் சேலையை உதறிக் கட்டிவிட்டாள். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள, தள்ளாடித் தள்ளாடி இறங்கினாள். மணியம் விழித்தான். ஆள் உள்ளே வரக்கூடாது என்று ஆர்டர் இல்லையே.

கேட்டுக்கு உள்ளே மணல் மூட்டைமேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் வாயிலேயே என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"கொழுப்பு இல்ல, கெராங் இல்ல. இது என்னாண்ணே கொய்த்தியாவ்?"

"புடிக்கலேன்னா குடு."

"கைய எடுங்க."

பாளையை வழித்து நக்கும்வரை நிறுத்தவில்லை. டிரசர் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே போகும்போது சோதனை. மணியம் பழக்கத்தில் கையை நீட்டினான்.

"எங்க தேடப் போற தம்பி? எல்லாத்தையும் வயித்துல வச்சுக் கொண்டு போறேன். குத்திப் பாரு," என்றாள் அஞ்சலை.

மணியம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் திறந்துவிட்டான்.

அதற்குப் பிறகு மத்தியானமானால் அவளே இறங்கி வருவாள். கண்ணில் மஞ்சள் போய் வெளுத்து, மறுபடி பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்கும்வரை அந்த மணல் மூட்டைதான் அவளுக்கு மேசை. எனக்குத் தினமும் திட்டு.

சமையலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கொழுப்பைத் தயங்காமல் கழித்துவிடுங்கள், குவாலியை மட்டும் நன்றாகக் காயவிடுங்கள். நோயாளி திட்டினால் சந்தோஷப்படுங்கள், திட்டத் தெம்பு வந்துவிட்டது என்று அர்த்தம். யாராவது கேட்டை மூடினால் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அங்கேயே கெஞ்சாதீர்கள். பசிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, மூடினவன் கண்ணெதிரே உட்காரவைத்துப் போடுங்கள். பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.